வெண்ணாறு மூன்றாகப் பிரியும் இடத்தில்

2022 ஜூலை மாதம். கடையை அடைத்து, கல்லாக் கணக்கை முடித்து, சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தபோது கைபேசியில் ஒரு வரி கண்ணில் பட்டது. "டெல்டாக்காரர்கள் ஒரு ரூபாய் வரி கட்டுவதில்லை. மாதச் சம்பளக்காரனின் வியர்வையில் அவர்களுக்கு இலவச மின்சாரம், மானிய உரம்." எழுதியவர் யாரென்று எனக்குத் தெரியாது. யாரோ ஒருவர் சேர்த்துவிட்ட பெரிய குழு அது. பாதிப் பேருக்கு மற்றப் பாதியின் முகம் தெரியாது.

அன்று மாலைதான் ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர், குத்தகை நிலத்தில் குறுவை போட்டிருந்த ஒருவர் என் கடையில் பூச்சிமருந்து வாங்கிப் போயிருந்தார். இடுப்பு வேட்டியில் மடித்து வைத்திருந்த நூறு ரூபாய்த் தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எண்ணிக் கொடுத்தார். அந்தக் கை என் கண்முன் நின்றது. சோறு ஆறிப்போயிற்று. இரவு ஒன்றரை மணி வரை எழுதினேன். காலையில் எழுந்து பார்த்தால், நாற்பதுக்கும் மேற்பட்ட பதில்களில் நானும் அவரும் ஒருவரையொருவர் திட்டியிருந்தோமே தவிர, வரியைப் பற்றி இரண்டு வாக்கியங்கள்கூட உருப்படியாகப் பேசியிருக்கவில்லை.

நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் உரக்கடை வைத்திருக்கிறேன். கணவர் இறந்த பிறகு உரிமத்தை என் பெயருக்கு மாற்றிக்கொண்டு நடத்திவருகிறேன். கடையில் உட்கார்ந்திருப்பவளுக்கு நாளெல்லாம் மனிதர்கள் வருவார்கள். வியாபாரம் இல்லாத ஐப்பசி மழை நாட்களில் கைபேசிதான் துணை. அப்படித்தான் முகம் தெரியாதவர்களோடு வாதாடும் பழக்கம் வந்தது. வரி, வெளிநாட்டுப் போர், விஞ்ஞானச் செய்தி என மூன்றிலும் அடிபட்டிருக்கிறேன், மூன்றிலும் கற்றிருக்கிறேன். இதே பழக்கத்தில் இருப்பவர்களுக்கு உதவும் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் அந்த வரிச் சண்டை. மறுநாள் கடை பில் புத்தகத்தை எடுத்தேன். வாடிக்கையாளர் பெயரைக் கையால் மறைத்துக்கொண்டு ஒரு பில்லைப் படம் எடுத்து அனுப்பினேன். மருந்தின் விலை 1,000 ரூபாய். அதற்கு மேல் மத்திய ஜி.எஸ்.டி. 90, மாநில ஜி.எஸ்.டி. 90. ஆகமொத்தம் 1,180. ரசாயனப் பூச்சிமருந்துக்கு 18 சதவீதம், உரத்துக்கு 5 சதவீதம். 2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. வந்த நாளிலிருந்து இதை நான்தான் வாங்கிக் கட்டிவருகிறேன். என் கடைக்குச் சரக்கு வாங்கும்போது நான் கட்டிய வரியை, விற்கும்போது வசூலித்த வரியில் கழித்துக்கொள்ள எனக்கு வழி உண்டு. விவசாயிக்கு அது கிடையாது. அவர் விற்கும் நெல்லுக்கு வரி இல்லை. அதனாலேயே வாங்கிய மருந்துக்குக் கட்டிய 180 ரூபாயைக் கழித்துக்கொள்ள அவருக்கு இடமும் இல்லை. அது அப்படியே சாகுபடிச் செலவில் உட்கார்ந்துவிடும். டீசலுக்கு உற்பத்தி வரி ஒரு பக்கம், மாநில விற்பனை வரி ஒரு பக்கம். அறுவடை இயந்திரத்துக்கு மணிக்கு இவ்வளவு என்று வாடகை கொடுக்கும்போது அந்த டீசல் வரியும் அதற்குள் இருக்கிறது.

இதையெல்லாம் அடுக்கினேன். வென்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன். அவர் ஒரே வரியில் பதில் போட்டார்: "நீங்கள் சொல்வது பொருளுக்கான வரி. அதை நானும் கட்டுகிறேன். நான் கேட்டது வருமான வரி."

அவர் சொன்னது சரி. அவர் ஒரு கேள்வி கேட்டார், நான் வேறொரு கேள்விக்குப் பதில் சொல்லியிருந்தேன். அவரும் தம் முதல் வரியில் "வரி" என்று மொத்தமாகச் சொன்னாரே ஒழிய, வருமான வரி என்று சொல்லவில்லை. இருவரும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இரண்டு வெவ்வேறு பொருள்களுக்காக நாற்பது முறை மோதியிருந்தோம்.

அப்போதுதான் எனக்கு அப்பா நினைவுக்கு வந்தார். அவர் பொதுப்பணித் துறையில் மதகுகளைத் திறந்து மூடும் லஸ்கராக இருந்தவர். எங்கள் ஊர்ப் பக்கம் மூணாறு தலைப்பு என்று ஓர் இடம் உண்டு. வெண்ணாறு அங்கே வந்து பாமணியாறு, கோரையாறு, வெண்ணாறு என்று மூன்றாகப் பிரியும். சிறு வயதில் விடியற்காலையில் அவரோடு அங்கே போயிருக்கிறேன். மேலே இருந்து பார்த்தால் வருவது ஒரே தண்ணீர்தான். ஆனால் அப்பா ஒவ்வொரு மதகாகப் போய், அளவுக் கல்லில் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று குனிந்து பார்த்து, மூன்று ஆற்றுக்கும் தனித்தனியாக நோட்டில் எழுதுவார். கோரையாற்றின் அளவைப் பார்த்துவிட்டுப் பாமணியாற்றின் ஷட்டரை அவர் ஒருநாளும் தூக்கியதில்லை.

நானும் ஒரு நோட்டுப் போட்டேன். யாரோடாவது வாதம் வந்தால் பக்கத்தை மூன்று பத்தியாகப் பிரித்துவிடுவேன். முதல் பத்தியில் நடப்பது என்ன. இரண்டாவதில் சட்டம் என்ன சொல்கிறது. மூன்றாவதில் எது நியாயம். எதிராளி சொன்ன ஒவ்வொரு வாக்கியமும் எந்தப் பத்தியில் விழுகிறது என்று பார்ப்பேன். பெரும்பாலான சண்டைகளில் அவர் மூன்றாம் பத்தியில் நிற்பார், நான் முதல் பத்தியில் நின்று கத்திக்கொண்டிருப்பேன்.

அந்த வரி வாதத்தையே இப்படிப் பிரித்துப் பார்த்தேன். நடப்பது என்ன என்ற பத்தியில் என் பில் இருக்கிறது. அவருடைய சம்பளச் சீட்டும் இருக்கிறது. கைக்கு வருவதற்கு முன்பே வரி பிடித்துக்கொள்ளப்படுகிறது, மிச்சத்தில் வாங்கும் பொருளுக்கும் ஜி.எஸ்.டி. கட்டுகிறார். இரண்டும் உண்மை. ஒன்று மற்றதைப் பொய்யாக்காது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதில் நாங்கள் இருவருமே தவறாகப் பேசியிருந்தோம். மத்திய அரசு விவசாயிகளுக்குச் சலுகை கொடுத்து வருமான வரியை விட்டுவைத்திருக்கிறது என்று அவர் நினைத்திருந்தார், நானும் மறுக்கவில்லை. அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையை எடுத்துப் பார்த்தால், மத்தியப் பட்டியலின் 82-ஆவது இனம் "விவசாய வருமானம் நீங்கலான வருமானத்தின் மீதான வரி" என்கிறது. விவசாய வருமானத்தின் மீதான வரி மாநிலப் பட்டியலில் 46-ஆவது இனமாக இருக்கிறது. அதாவது அது மத்திய அரசு கொடுத்த சலுகை அன்று. அதை விதிக்கும் அதிகாரமே மாநிலங்களுடையது. அப்போது நடப்பில் இருந்த 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 10(1) பிரிவு விவசாய வருமானத்தைக் கணக்கில் சேர்க்காமல் விட்டதும் இதோடு பொருந்திய ஏற்பாடுதான். இன்னொன்றை என் தணிக்கையாளர் சொல்லித்தான் அறிந்தேன்: என்னைப் போலக் கடை வருமானமும் கொஞ்சம் நில வருமானமும் உள்ளவர்களுக்கு, விவசாய வருமானம் 5,000 ரூபாயைத் தாண்டினால், அதற்கு வரி இல்லையென்றாலும், மற்ற வருமானத்துக்கு எந்த விகிதத்தில் வரி என்று முடிவு செய்ய அதைச் சேர்த்துப் பார்ப்பார்கள். முழுதாகக் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார்கள் என்பது சரியில்லை.

நியாயம் என்ற மூன்றாம் பத்திதான் உண்மையான வாதம். அங்கே போய்ச் சேர எங்களுக்கு மூன்று வாரம் ஆயிற்று. அங்கே அவருக்கு நான் ஒரு கணக்குச் சொன்னேன். மாதம் 20,000 ரூபாய் புழங்கும் வீட்டிலும் 2,00,000 ரூபாய் புழங்கும் வீட்டிலும் அதே 1,180 ரூபாய்ப் பொருளை வாங்குகிறார்கள். வரி இருவருக்கும் 180 தான். ஆனால் முதல் வீட்டுக்கு அது மாத வருமானத்தில் 0.9 சதவீதம், இரண்டாவது வீட்டுக்கு 0.09 சதவீதம். யார் அதிகத் தொகை கட்டுகிறார் என்று கேட்டால் ஒரு விடை, யார் தம் வருமானத்தில் அதிகப் பங்கைக் கொடுக்கிறார் என்று கேட்டால் வேறொரு விடை. வரி நியாயம் பற்றிய சண்டைகளில் பாதி இந்த இடத்தில்தான் குழம்புகிறது. தொகையா, பங்கா என்று முதலில் கேட்டுவிடுங்கள், எதிராளி நிதானமாகிவிடுவார்.

அவர் எனக்கு ஒரு கேள்வி போட்டார். பெருநிலக்காரருக்கும் உங்கள் குத்தகைக்காரருக்கும் ஒரே விலக்கு எப்படிச் சரியாகும்? தமிழ்நாட்டில் 1970 முதல் ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 15 தர ஏக்கர்தான் (நிலத்தின் தரத்தை வைத்துக் கணக்கிடும் ஏக்கர்) நில உச்சவரம்பு என்று சொன்னேன். பெயர்களைப் பிரித்து வைத்திருப்பவர்கள் உண்டு என்பதையும் சேர்த்தே சொன்னேன், அது இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்தது. அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டேன். என் கருத்து இன்றும் அதுதான்: பல லட்சம் நிகர வருமானம் பார்ப்பவரைக் குத்தகைக்காரரின் நிழலில் நிற்க விடக் கூடாது. ஆனால் அப்படி ஒரு வரி வருமானால், நஷ்டமான ஆண்டை லாபமான ஆண்டோடு கழித்துக்கொள்ள இடம் வேண்டும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறிய காலையில் தென்னந்தோப்புக்காரர்கள் இழந்தது ஓராண்டு வருமானத்தை அன்று. ஒரு மரம் காய்ப்புக்கு வர எடுக்கும் அத்தனை ஆண்டுகளையும்.

எங்கள் வரிச் சண்டை நடந்த அதே 2022 ஜூலை மாதம் 18-ஆம் தேதி முதல் 25 கிலோ வரையிலான, பெயரிட்டுக் கட்டிய அரிசி மூட்டைக்கு 5 சதவீதம் வரி வந்தது. கொஞ்ச நாளில் மளிகைக் கடைகளில் 26 கிலோ மூட்டை வந்துவிட்டது. அதைக் கைவண்டியிலிருந்து இறக்கும் தொழிலாளிக்குத் தோளில் ஒரு கிலோ கூடியது. ஒரு கிலோ இரண்டு கிலோவாகக் கடையில் அரிசி வாங்குபவருக்கு எதுவும் மாறவில்லை. வரியைப் பற்றிப் பேசும்போது விகிதத்தோடு நின்றுவிடாமல், அது கடைசியில் யார் தோளில் இறங்குகிறது என்று பார்க்க வேண்டும் என்பதை அந்த மூட்டைதான் எனக்குக் காட்டியது.

என்னோடு வரிச் சண்டை போட்டவர் சென்னைக்காரர். அவர் அடுத்த ஆண்டு ஆலங்குடி குரு கோயிலுக்கு வந்தவர், என் கடைக்கும் வந்தார். யூரியா மூட்டையைக் காட்டினேன். 45 கிலோ, 266 ரூபாய் 50 காசு. "மீதியான மானியத்தை நான் கொடுக்கிறேன்," என்றார். "நீங்களும் கொடுக்கிறீர்கள், இவரும் கொடுக்கிறார்," என்று, விரல் ரேகை வைக்க நின்றுகொண்டிருந்த பெரியவரைக் காட்டினேன். பெரியவர் திரும்பி, "தம்பி எந்த ஊர்?" என்று கேட்டார். இருவரும் வாசல் பெஞ்சில் உட்கார்ந்து அரை மணி நேரம் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது, லாரி வந்துவிட்டது.

இந்தக் காலத்தில் நான் பழகிக்கொண்ட சில காரியங்களை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இரவு ஒன்பது மணிக்கு மேல் யாருக்கும் பதில் எழுதுவதில்லை. எழுத வேண்டும் என்று கை துடித்தால் பழைய பில்லின் பின்புறத்தில் எழுதி, கல்லாப் பெட்டிக்கு அடியில் வைத்துவிடுவேன். காலையில் சத்தமாக வாசித்துப் பார்ப்பேன். கடை வாசலில் நின்று ஒருவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாத வாக்கியம் அதில் இருந்தால் அடித்துவிடுவேன். பதில் எழுதுமுன், "நீங்கள் சொல்வது இதுதானே?" என்று அவர் கருத்தை என் சொல்லில் எழுதிக் கேட்பேன். "இல்லை, நான் அப்படிச் சொல்லவில்லை," என்று பாதிப் பேர் சொல்வார்கள். அங்கேயே ஒரு வீண் சண்டை மிச்சம். ஒரே வாதத்தை ஒருவர் மூன்றாம் முறை அப்படியே திருப்பிச் சொன்னால் வணக்கம் சொல்லி விலகிவிடுவேன். நான் பெண் என்று தெரிந்ததும் அடுப்படிக்குப் போகச் சொன்னவர்கள் உண்டு. அவர்களுக்குப் பதில் எழுதியதே இல்லை. அந்த நேரத்தை வாசித்துக்கொண்டிருக்கும் மற்றவர்களுக்குக் கொடுக்கலாம். ஒரு வாதத்தில் எழுதுபவர் இருவர் என்றால் படிப்பவர் இருநூறு பேர்.

அடுத்தது விஞ்ஞானச் செய்தி. இது பின்னால் நடந்தது. ஆனாலும் இதை முதலில் சொல்லிவிட்டு மற்றதற்குப் போகிறேன்.

2025 மே 4 அன்று இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் மரபணு திருத்தப்பட்ட இரண்டு நெல் ரகங்களை அறிவித்தது. ஒன்று, சம்பா மசூரியிலிருந்து வந்த 'டி.ஆர்.ஆர். தான் 100', கமலா என்று பெயர். மற்றது பூசா டி.எஸ்.டி. ரைஸ் 1. சம்பா மசூரி என்பது நம் பக்கத்தில் பி.பி.டி. என்று எல்லோரும் சொல்லும் அதே நெல். அன்று மாலையே கைபேசியில் செய்தி பறந்தது: "மரபணு மாற்று நெல் டெல்டாவுக்குள் வந்துவிட்டது, இனி விதைநெல் எடுத்து வைத்தால் முளைக்காது." நான் அதை நம்பினேன். நம்பியதோடு நிற்காமல், பருத்தியில் நடந்ததைச் சொல்லி நான்கு பேரோடு மோதினேன். உரக்கடைக்காரி சொல்கிறாள் என்பதால் என் சொல்லுக்கு ஒரு கனம் இருந்தது. அந்தக் கனத்தைச் சரிபார்க்காத செய்திக்குப் பின்னால் வைத்தேன். இதை நினைத்தால் இன்றும் மனம் வருந்துகிறது.

வேளாண்மைக் கல்லூரி மாணவி போலத் தெரிந்த ஒருத்தி, "அம்மா, இதில் எந்த அயல் மரபணு சேர்க்கப்பட்டிருக்கிறது என்று சொல்ல முடியுமா?" என்று மட்டும் கேட்டாள். தேடினேன். கிடைக்கவில்லை, ஏனென்றால் சேர்க்கப்படவில்லை. பி.டி. பருத்தியில் ஒரு பாக்டீரியாவின் மரபணு செடிக்குள் வைக்கப்பட்டது. இந்த நெல்லில் நெல்லின் சொந்த மரபணு ஒன்றில் ஓரிடத்தைத் திருத்தியிருக்கிறார்கள். இப்படி அயல் மரபணு இல்லாத திருத்தங்களுக்கு 2022 மார்ச்சில் மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம், மரபணு மாற்று உயிரிகளுக்கான 1989-ஆம் ஆண்டு விதிகளில் சிலவற்றிலிருந்து விலக்குக் கொடுத்திருந்தது. விலக்குக் கொடுத்தது சரியா என்பது மூன்றாம் பத்திக் கேள்வி. அதில் எனக்குத் தயக்கம் உண்டு. ஆனால் முதல் பத்தியில் நான் எழுதியது பொய். குழுவில், அந்த நான்கு பேருக்கும் கீழேயே, "நான் சொன்னது தவறு, திருத்திக்கொள்கிறேன்," என்று எழுதினேன். தனியாக மன்னிப்புக் கேட்டால் போதாது. தவறு போன வழியிலேயே திருத்தமும் போக வேண்டும்.

அதன் பிறகு அறிவிப்பை நிதானமாகப் படித்தேன். கமலா 19 சதவீதம் கூடுதல் விளைச்சல் தரும், ஏறக்குறைய 20 நாள் முன்னதாக அறுவடைக்கு வரும் என்றிருந்தது. 19 சதவீதம் என்றதும் கடைக்கு வந்த நான்கைந்து பேர் விதை கேட்டார்கள். நான் பில்லின் பின்புறத்தில் கணக்குப் போட்டுக் காட்டினேன். எதைவிட 19? தாய் ரகமான சம்பா மசூரி எக்டேருக்கு 4.5 டன், கமலா 5.37 டன். நம் கணக்கில் சொன்னால், 60 கிலோ மூட்டையாக மாவுக்குப் பத்து மூட்டை கண்ட இடத்தில் பன்னிரண்டு. பி.பி.டி. போடுபவருக்கு அது நல்ல செய்தி. ஏற்கெனவே மாவுக்குப் பன்னிரண்டு காணும் வேறு ரகம் போடுபவருக்கு அது செய்தியே இல்லை. இந்த எண்ணைச் சொன்னதும் ரகத்தை உருவாக்கிய தரப்பேதான். சோதனைத் தரவுகள் அதைத் தாங்கவில்லை என்று எதிர்ப்பாளர்கள் பிறகு சொன்னார்கள், நிறுவனம் மறுத்தது. ஆகவே விதை கேட்டவர்களிடம், நம் மண்ணில், நம் வடிகாலில், பக்கத்து வயலில் ஒரு போகம் கண்ணால் பார்த்தபின் முடிவெடுங்கள் என்றேன். ஆடுதுறையில் 1922-லிருந்து நெல் ஆராய்ச்சி நடக்கிறது. கேட்டால் சொல்லக்கூடியவர்கள் ஒரு பஸ் தூரத்தில் இருக்கிறார்கள்.

அந்த வாரம் என் கடை மூலையில் அடுக்கியிருந்த விதை மூட்டையைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். சி.ஆர். 1009 சப் 1. வயலில் இரண்டு வாரம் வரை தண்ணீர் மூழ்கி நின்றாலும் பயிர் மீண்டு வரும். ஒரு பழைய ஒடிசா நெல்லில் இருந்த மூழ்குதாங்கும் மரபணுவை, மரபணு அடையாளத்தை வைத்துப் பார்த்துப் பார்த்து, சாதாரண ஒட்டு முறையில் கொண்டுவந்து சேர்த்த ரகம் அது. மரபணு என்ற சொல்லைக் கேட்டாலே பயந்துகொண்டிருந்த நான், அதன் பலனை மூட்டை மூட்டையாக விற்றுக்கொண்டிருந்தேன். பயிர் அழுகாமல் பிழைத்ததென்று மார்கழியில் வந்து கையெடுத்துக் கும்பிட்டவர்களும் இருந்தார்கள்.

களைக்கொல்லி வாதத்தையும் இதோடு சொல்ல வேண்டும், ஏனென்றால் கடையில் வாரம் ஒருவராவது கேட்கிறார். 2015 மார்ச்சில் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை கிளைபோசேட் என்ற களைக்கொல்லியை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ள 2ஏ பிரிவில் வைத்தது. அதே ஆண்டு நவம்பரில் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு, அப்படி ஆபத்து இருக்க வாய்ப்பில்லை என்றது. இரண்டையும் பிடித்துக்கொண்டு இரு தரப்பும் எதிராளியை விலைபோனவர் என்று ஏசுகிறார்கள். அந்த முகமை செய்வது, ஒரு பொருளுக்குக் கெடுதல் செய்யும் தன்மை உண்டா என்று பார்த்துச் சான்றின் பலத்தை வைத்து வகைப்படுத்துவது. எவ்வளவு பட்டால் எவ்வளவு கெடுதல் என்று அது அளக்கவில்லை. அதே 2ஏ பிரிவில் ஆட்டு, மாட்டு இறைச்சியும் இருக்கிறது, இரவுப்பணியும் இருக்கிறது. நல்ல பாம்புக்கு நஞ்சு உண்டு என்பது ஒரு சேதி, அது நம் வீட்டுத் திண்ணையில் படுத்திருக்கிறது என்பது இன்னொரு சேதி. இதைச் சொல்வதால் மருந்துக்கு நான் நற்சான்று கொடுப்பதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தெளிப்பவர் வெறுங்காலோடு, வாயில் துண்டுகூடக் கட்டாமல், காற்றுக்கு எதிரே நடப்பதை நான் பார்க்கிறேன். படும் அளவு என்பது அவர் விஷயத்தில் மிக அதிகம். ஐரோப்பியக் குடும்பம் சாப்பிடும் ரொட்டிக்குச் சொன்ன ஆறுதல் அவருக்குப் பொருந்தாது.

இனி வெளிநாட்டுத் தலையீடு. இதைத்தான் எழுதத் தயங்கினேன்.

2023 மார்ச்சில் இராக் போர் தொடங்கி இருபது ஆண்டு ஆனதைப் பற்றிப் பேச்சு வந்தது. எந்த நாட்டுப் படையும் இன்னொரு நாட்டுக்குள் எந்தக் காரணத்துக்காகவும் நுழையக் கூடாது என்று நான் எழுதினேன். அதற்கு ஆதாரமாக என் அண்ணன் கதையைச் சொன்னேன். அண்ணன் கூத்தாநல்லூரில் தெரிந்தவர் ஒருவர் மூலம் விசா வாங்கி, குவைத்தில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். 1990 ஆகஸ்ட் 2 அன்று இராக் படை உள்ளே நுழைந்தது. ஏழு வாரம் எந்தத் தகவலும் இல்லை. அம்மா நாகூர் ஆண்டவருக்கு நேர்ந்துகொண்டு, விளக்கு வைத்த பிறகு யாரோடும் பேச மாட்டாள். பிறகு அம்மானிலிருந்து ஒரு தந்தி. ஒரு லட்சத்துக்கும் அதிகமான இந்தியர்களை ஏர் இந்தியா விமானங்கள் அங்கிருந்து ஏற்றிவந்தபோது அவரும் வந்தார். பாலைவன முகாமில் தண்ணீருக்கு நின்ற வரிசையைப் பற்றி மட்டும் சொல்வார்; வேறெதுவும் சொல்லமாட்டார்.

ஒருவர் மரியாதையாகவே கேட்டார்: "இராக் குவைத்துக்குள் நுழைந்ததும் தலையீடு, அதை வெளியேற்ற நுழைந்த படையும் தலையீடு. உங்கள் அண்ணனுக்கு இரண்டும் ஒன்றா?" என்னால் பதில் சொல்ல முடியவில்லை. நோட்டை எடுத்தேன்.

1990 நவம்பர் 29 அன்று ஐ.நா. பாதுகாப்பு அவை 678-ஆவது தீர்மானத்தில், 1991 ஜனவரி 15-க்குள் இராக் வெளியேறாவிட்டால் தேவையான எல்லா வழிகளையும் பயன்படுத்தலாம் என்றது. 2003-இல் போர் தொடுக்க அப்படி ஒரு புதிய தீர்மானம் இல்லை. காரணமாகச் சொன்ன பேரழிவு ஆயுதக் கிடங்குகள் கிடைக்கவும் இல்லை. 2011 மார்ச் 17 அன்று லிபியாவுக்கு 1973-ஆவது தீர்மானம் வந்தது. இந்தியா வாக்களிக்காமல் விலகி நின்றது. பொதுமக்களைக் காக்கக் கிடைத்த அனுமதி, ஆட்சி கவிழும் வரை நீண்டது. நாடு இரண்டாகப் பிளந்தது. 1971-இல் கிழக்கு வங்கத்துக்குள் இந்தியப் படை போனதற்கு ஐ.நா. அனுமதி எதுவும் இல்லை. ஆனால் ஏறத்தாழ ஒரு கோடி அகதிகள் எல்லை தாண்டி வந்திருந்தார்கள். அந்தப் போர் அநியாயம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சட்ட அனுமதி இருந்தும் கெட்டது நடந்திருக்கிறது. அனுமதி இல்லாமலும் உயிர்கள் பிழைத்திருக்கின்றன. ஆகவே நான் என் பழைய வாக்கியத்தை விட்டுவிட்டேன். இப்போது கேட்பது வேறு: உள்ளே இருக்கும் மக்கள் கேட்டார்களா? யார் அனுமதித்தார்கள்? எதற்காகப் போவதாகச் சொன்னார்கள், போனபின் என்ன செய்தார்கள்? எப்போது வெளியேறினார்கள்?

இந்தக் கேள்விகளை வைத்து இலங்கையைப் பற்றியும் எழுதினேன். 1987 ஜூன் 4 அன்று யாழ்ப்பாணத்தின் மேல் இந்திய விமானங்கள் உணவுப் பொருள் போட்டன. ஜூலை 29 அன்று இரு அரசுகளும் ஒப்பந்தம் செய்தன, அதன்படி அமைதிப்படை போனது. அக்டோபரில் சண்டை மூண்டது. 1990 மார்ச்சில் கடைசி வீரர்கள் திரும்பினார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் அங்கே உயிரிழந்தார்கள். எல்லாம் சரியான தேதிகள். மூன்று பத்தியும் ஒழுங்காக இருந்தன. இலங்கை வானொலி கேட்டே வளர்ந்த எனக்கு அந்த ஊர்ப் பெயர்கள் எல்லாம் பழக்கம் என்ற தைரியமும் இருந்தது.

கீழே ஒருவர் எழுதினார். "அக்கா, நீங்கள் சொன்ன தேதிகள் சரி. அந்த அக்டோபரில் எனக்கு ஒன்பது வயது. நாங்கள் நல்லூர் கோயிலில் இருந்தோம்."

அவருக்குப் பதிலாக நான் எழுதிவைத்தது பில்லின் பின்புறத்தில் ஒரு பக்கம் இருந்தது. ஒப்பந்தத்தின் ஷரத்துகள், யார் முதலில் மீறினார்கள் என்பது எல்லாம். காலையில் வாசித்துப் பார்த்தேன். முகத்தைப் பார்த்துச் சொல்லக்கூடிய வாக்கியம் அதில் ஒன்றுகூட இல்லை. அடித்துவிட்டு, "தம்பி, கோயிலில் எத்தனை நாள் இருந்தீர்கள்? என்ன சாப்பிட்டீர்கள்?" என்று மட்டும் தனியாகக் கேட்டேன்.

இரண்டு நாள் கழித்துக் குரல் பதிவு வந்தது. பதினொரு நிமிடம். இப்போது கனடாவில் இருக்கிறாராம். கடையை அடைத்துவிட்டு, உள்ளே மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து கேட்டேன். ஆகஸ்டில் படை வந்தபோது வீதியோரம் நின்று அவரும் கையசைத்திருக்கிறார். ஒரு வீரர் அவர் தலையைத் தடவிவிட்டுப் போனார். அக்டோபரில் ஷெல் சத்தத்துக்குப் பயந்து கோயிலுக்கு ஓடியபோது ஒரு செருப்பு வழியில் கழன்றுவிட்டது, எடுக்க விடவில்லை. கஞ்சிக்குப் பாத்திரம் போதவில்லை, அம்மா சிரட்டையில் வாங்கி முதலில் தங்கைக்குக் கொடுத்தாள், பிறகு இவருக்கு. அம்மா குடித்ததை அவர் பார்த்ததாக நினைவில்லை. அந்த இடத்தில் பதிவில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. யார் சரி, யார் தவறு என்று அவர் ஓரிடத்திலும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அதன் பிறகு அவ்வப்போது எழுதுவார். ஜூன் மாதம் ஒருநாள், "மேட்டூர் திறந்துவிட்டார்கள் என்று பார்த்தேன். உங்கள் வெண்ணாற்றுக்குத் தண்ணீர் வந்துவிட்டதா அக்கா?" என்று கேட்டார். வரவில்லை என்று சொன்னேன். கல்லணை திறந்து சில நாள் கழித்து விடியற்காலையில் மூணாறு தலைப்புக்குப் போனேன். புதுத் தண்ணீர் நுரையும் சருகுமாக வந்து மதகில் முட்டிக்கொண்டிருந்தது. லஸ்கர் ஒருவர் குனிந்து அளவுக் கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று ஆறும் தெரியும்படி ஒரு படம் எடுத்து அவருக்கு அனுப்பிவிட்டு, கடை திறக்க வந்தேன்.